மிளகும் மிளகாயும்

1981-இல் பிழைப்புக்காகத் தில்லி வந்தேன். கரோல் பாக்கில் ஓர் அறை, மூன்று வேளையும் காரமான கடைச் சாப்பாடு. ஆறே மாதத்தில் வயிறு கெட்டுப்போச்சு. ஊரிலிருந்து வந்த அம்மா, "மொளகாய கொஞ்ச நாளைக்கு விட்டுடுப்பா, மொளகு ரசம் வெச்சுத் தரேன்" என்றாள். சில நாளில் பசி எடுத்தது.

மிளகாய் நம் மண்ணுக்கு உரியதன்று என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தேன். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தபின், 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இங்கு பரவியது. அதற்குமுன் நம் அடுப்படியில் காரத்துக்கு முதன்மையாக நின்றது மிளகு. சங்க நூல்கள் அதைக் 'கறி' என்கின்றன. மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த பொரியல் பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. புதிதாக வந்த காய்க்கும் மிளகின் பெயரையே ஒட்டி 'மிளகாய்' என்றனர். மிளகுத் தண்ணீரோ 'முல்லிகட்டானி' ஆகி ஆங்கிலேயர் மேசைக்குப் போயிற்று.

இன்று அம்மா இல்லை. பேத்திக்கு வயிறு சரியில்லையென்றால், டாக்டரிடம் காட்டிவிட்டு நானே ரசம் வைக்கிறேன். ஆனால் அந்தக் கைப்பக்குவம் வரமாட்டேங்குது. எத்தனை மிளகு, எவ்வளவு சீரகம் என்று அன்றே கேட்டு எழுதி வைக்காமல் விட்டேன். அன்பர்களே, உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.