ஹூக்ளி வழியே வந்த தளபதி

1958 ஏப்ரல் 22 அன்று, செங்கற்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. தரைப்படைக்கு 1949-இலேயே கரியப்பா வந்துவிட்டார். விமானப்படைக்கு 1954-இல் சுப்ரதோ முகர்ஜி. கடற்படை மட்டும் விடுதலைக்குப் பின்னும் ஹால், பாரி, பைசி, கார்லில் என்று நான்கு ஆங்கிலேயத் தளபதிகளின் கீழ் இருந்தது.

இந்தத் தாமதத்தை நேருவின் அரசின் தயக்கமாகப் பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்தியருக்குக் கடற்படை அதிகாரிப் பதவி கிடைக்கத் தொடங்கியதே 1928-இல்தான். இரவுக் காவல் நின்று, ஒரு கப்பலை நடத்தி, பிறகு பல கப்பல்களை ஒன்றாக நடத்திப் பழகியவர்தான் தளபதியாக முடியும். அந்த அனுபவத்துக்கு வழி கொடுக்காமல் ஆங்கில அரசு அடைத்து வைத்திருந்த ஆண்டுகளின் கணக்கைத்தான் சுதந்திர இந்தியா தீர்க்க வேண்டியிருந்தது.

கட்டாரி வந்த வழியும் நேர்வழி அல்ல. வணிகக் கப்பல்களுக்கு அதிகாரிகளை உருவாக்க 1927-இல் பம்பாயில் தொடங்கிய ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பலின் முதல் அணி மாணவர் அவர். பிறகு கல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் பணி. மணல்திட்டுகள் ஓயாமல் இடம்பெயரும் ஆறு அது. நேற்று கப்பல் போன தடத்தில் இன்று தரை தட்டும். ஆழம் அறிய, அடியில் கொழுப்புப் பூசிய ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். நம் மீனவர்கள் பாகம் என்று கணக்கிடும் ஆழத்தைக் கயிறு சொல்லும். கொழுப்பில் ஒட்டி வருவது சேறா மணலா என்பதைக் கொண்டு ஆற்றின் அடித்தரையை அறிவார்கள். இப்படிப்பட்ட ஆற்றில் பழகியவர் உலகப் போரின்போது சேமப்படை வழியாகக் கடற்படைக்கு வந்தார். 1956-இல் இந்தியக் கப்பற்படைப் பிரிவை நடத்திய முதல் இந்தியரும் அவரே.

அவருடைய நான்காண்டுத் தலைமையில் பேர்பெற்றவை 1961-இன் நிகழ்ச்சிகள். மார்ச்சில் பெல்ஃபாஸ்ட் நகரில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் படையில் சேர்ந்தது. டிசம்பரில் போர்த்துகீசியரிடமிருந்து கோவாவை மீட்ட நடவடிக்கை. அதில், அஞ்சிதீவில் ‘திரிசூல்’ கப்பலிலிருந்து கரையிறங்கியபோது நம் வீரர் சிலர் உயிர் கொடுத்தார்கள். அவர்களை நினைக்காமல் அந்த வெற்றியை எழுதக்கூடாது. 1962 ஜூனில் ஓய்வு பெற்ற கட்டாரி, பின்னர் பர்மாவில் இந்தியத் தூதராக இருந்தார்.

ஆனால் அவர் காலத்தின் அருமையான செயலாக நான் கருதுவது அளவில் சிறியது. டெல்லி, மைசூர், விக்ராந்த் ஆகிய போர்க்கப்பல்கள் எல்லாமே பிரிட்டன் கட்டியவை. சுதந்திர இந்தியா தன் தளத்தில் கட்டிய முதல் போர்க்கப்பல், ‘அஜய்’ என்னும் கரையோரக் காவல் கலம், அவர் காலத்தில்தான் கடற்படையில் சேர்ந்தது. அதைக் கட்டியது கல்கத்தாவின் கார்டன் ரீச் தளம். கட்டாரி இளமையில் பணிபுரிந்த அதே ஹூக்ளியின் கரையில் இருக்கிறது அது.