மாட்ட மாட்டேன், மாட்ட முடியல

2020 மே மாதம். கவரைப்பேட்டையில் ஜி.என்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு ரோலிங் மில்லில் டைம் ஆபீஸ் வேலையில் இருந்தேன். வெளியே வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு ஆந்திர எல்லையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். உள்ளே மில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. கேட்டில் புது போர்டு: மாஸ்க் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை.

ஃபர்னஸ் பக்கம் இருபது வருஷம் நின்ற ஒரு அண்ணன் மூன்றாம் நாளே கேட்டில் நின்றுவிட்டார்.

"தம்பி, இதைக் கட்டினா மூச்சு முட்டுது. கட்டலைன்னா கேட்டை மூடுறாங்க. நான் என்னதான் பண்றது?"

எனக்கும் தெரியவில்லை. மஸ்டரில் அவர் பேருக்கு நேரே 'ஏ' போட்டேன். ஆப்சென்ட். கண்ணெதிரே வந்து நின்ற மனிதரை வரவில்லை என்று எழுதினேன்.

இந்த மாஸ்க் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். தொற்றுநோய்க்கு வெகுகாலம் முன்பே அது தொழிலோடு வந்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, சிவப்புத் தாதுவை அரைக்கும் பட்டறைகளில் ஆட்கள் தூசி உள்ளே போகாதபடி விலங்குகளின் சிறுநீர்ப்பையை முகத்தில் கட்டிக்கொண்டதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

தொற்றுக்கான மாஸ்க் கதையில் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன்-தே முக்கியமானவர். மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, 1910 டிசம்பரில் ஹார்பினுக்குப் போனார். நோய் மூச்சு வழியாகப் பரவுகிறது என்று சொல்லி, பஞ்சும் காஸ் துணியும் சேர்த்த மாஸ்க்கைக் கட்டச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் கேட்கவில்லை. மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில் அதே நோயில் இறந்தார். 1919இல் சான் பிரான்சிஸ்கோவில் மாஸ்க் எதிர்ப்புச் சங்கமே தொடங்கினார்கள்.

இவையெல்லாம் 'மாட்ட மாட்டேன்' கதைகள். வரலாறு இவற்றைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. 'மாட்ட முடியல' என்றவர்களின் கதையில் சத்தமே இல்லை.

2020 ஏப்ரல் 15 அன்று உள்துறை அமைச்சகம் வேலையிடங்களில் முகத்தை மூடுவதைக் கட்டாயமாக்கியது. செப்டம்பரில் தமிழ்நாடு, 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி 200 ரூபாய் அபராதம் வைத்தது. அதே ஜூலையில் இங்கிலாந்து கடைகளில் மாஸ்க்கைக் கட்டாயமாக்கியபோது, உடல்நிலையால் முடியாதவர்களுக்கும், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவரிடம் பேசுகிறவர்களுக்கும் விலக்கு இருந்தது. நம்மிடம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உண்டு. ஆனால் ஊழியருக்கு ஏற்றபடி வேலையிடத்தை மாற்றித் தரும் நேரடிக் கட்டாயம் அதில் அரசு நிறுவனங்களுக்குத்தான். எங்கள் கேட் வரை அது வரவில்லை.

இன்னொன்று உறுத்துகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தூசியும் புகையும் தொழிலாளியின் மூச்சில் போகாமல் தடுக்கச் சொன்னது. அது கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே உறிஞ்சி எடுக்கச் சொன்னது. "இத்தனை வருஷம் புகையில நின்னேன், ஒரு துணிகூட யாரும் குடுக்கல" என்றார் அண்ணன். அந்தப் புகை தின்ற நுரையீரல்தான் இப்போது துணியைத் தாங்கவில்லை.

விதி தப்பு என்று சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட நுரையீரலுக்குத்தான் கொரோனா அதிக ஆபத்து. மாஸ்க் இல்லாமல் அவரை உள்ளே விட்டிருந்தாலும் தப்புதான். கேட்டுக்கு உள்ளே, வெளியே என்ற இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்றை யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

பத்து நாள் கழித்து யோசித்தார்கள். யார்டில், திறந்த வெளியில், ஸ்க்ராப் லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கும் வேலை. ஒரு நாற்காலி, ஒரு வேப்பமரம், ஆறடி தூரம். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அந்தப் பத்து நாள் சம்பளம் அவருக்கு வரவில்லை. மஸ்டரில் பத்து 'ஏ'யும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.