நாட்கூலிக்காரனுக்கும் முதுமை வரும்: ஈ.பி.எப். பிறந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டுவது, வயரிங், பெயின்டிங், ஓடாவி வேலை என்று சின்னதாகக் கொந்தராத்து எடுத்துச் செய்யும் தம்பிமார் கட்டாயம் வாசிக்க வேண்டும். அவர்களிடம் நாட்கூலிக்குப் போகிறவர்களும் வாசிக்க வேண்டும்.

போன கிழமை என்னிடம் படித்த ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். இப்போது ஆறு பேரை வைத்துக் கட்டட வேலை செய்கிறான். கம்பனி ஒன்றின் கீழ் உபகொந்தராத்து கிடைக்கப் போகிறதாம். ஆனால் அவர்கள் ஈ.பி.எப். பதிவிலக்கம் கேட்டுவிட்டார்கள். "சேர், நான் அண்டண்டைக்கே காசக் குடுத்திர்ரன். ஒருத்தர்ட கூலியும் வெச்சதில்ல. இன்னும் என்னத்த குடுக்கிற?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். கூலியைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்று குத்பாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கூலி என்றால் அன்றைய காசு மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் விடை வர நீண்ட காலம் எடுத்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்க உத்தியோகத்தருக்குப் பென்சன் இருந்தது. அதற்கான ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு 1901ஆம் ஆண்டினது. தனியாரிடம் வேலை செய்தவருக்கு எதுவும் இல்லை. தொழில் திணைக்களம் 1923இல் உருவானதுகூட, தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியத் தொழிலாளர் விடயத்தைக் கவனிக்கத்தான். குறைந்தபட்சக் கூலி பற்றிய சட்டமும் 1927இல் அவர்களுக்கே முதலில் வந்தது. கொழும்பில் ஏ. ஈ. குணசிங்க 1922இல் இலங்கைத் தொழிற்சங்கத்தைத் தொடங்கி, அடுத்த வருடமே பொது வேலைநிறுத்தம் நடத்தினார். அதன் பிறகுதான் நகரத் தொழிலாளியின் குரல் மேலிடத்துக்குக் கேட்கத் தொடங்கியது.

1934இல் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்து காயப்பட்டால் முதலாளி பொறுப்பு. 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் முதலாளி, தொழிலாளி இரு தரப்பும் இருக்கும் சபை ஒன்று கூலியைத் தீர்மானிக்கும். கட்டடத் தொழிலுக்கும் சம்பளச் சபை உண்டு என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் யார் தெரியுமா? கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்த ரீ. பி. ஜாயா. ஓர் ஆசிரியர். ஆனால் ஈ.பி.எப்.பைக் கொண்டுவந்தவர் இன்னொரு ரீ. பி. இவர் ரீ. பி. இலங்கரத்ன. இந்த இரண்டு பெயரையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள்.

இலங்கரத்ன அரசாங்க எழுதுவினைஞர். அவர்களின் சங்கத் தலைவர். 1947 பொது வேலைநிறுத்தக் காலத்தில் வேலையை இழந்தார். அந்த வருடம் ஜூன் 5ஆம் திகதி ஊர்வலத்தின் மீது பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிரிழந்தார். அதே இலங்கரத்ன 1956இல் தொழில் அமைச்சரானார். சிங்களப் பிள்ளைகள் விரும்பி வாசிக்கும் 'அம்ப யஹளுவோ' கதையை எழுதியவரும் அவர்தான். அவருடைய காலத்தில் 1958இன் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறியது.

ஆரம்பத்தில் தொழிலாளியிடமிருந்து 4%, முதலாளியிடமிருந்து 6%. 1971இல் 6%, 9%. 1981இல் 8%, 12%. இன்றும் அதுதான். 1980இன் 46ஆம் இலக்கச் சட்டத்தால் ஈ.டி.எப். வந்தது. அதற்கு முதலாளி மட்டும் 3% கட்ட வேண்டும். தொழிலாளியிடம் ஒரு சதமும் வெட்டக் கூடாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சித்தியடையும் அங்கத்தவரின் பிள்ளைக்கு உதவிப் பணம் கொடுப்பது இந்த ஈ.டி.எப்.தான். 1983இல் பணிக்கொடைச் சட்டமும் வந்தது. 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்பவர், ஐந்து வருடம் முடித்தவர் விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி கொடுக்க வேண்டும்.

இனி அந்தப் பையனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு. ஒரு மேசனுக்கு நாளுக்கு 3,500 ரூபா, மாதம் 24 நாள் என்று வைப்போம். சம்பளம் 84,000. அதில் 8% வெட்டினால் 6,720. கையில் கொடுப்பது 77,280. நீங்கள் உங்கள் பையிலிருந்து போடும் 12% 10,080. இரண்டும் சேர்த்து 16,800 ரூபா அவர் பெயரில் ஈ.பி.எப்.புக்குப் போகிறது. ஈ.டி.எப். 3% 2,520. ஆக, அந்த மேசனுக்காக உங்களுக்கு மாதச் செலவு 96,600. விலை கேட்கும்போது 84,000 என்று கணக்குப் போட்டவன்தான் பிறகு "கட்டுப்படியாகாது" என்கிறான். 15%ஐ விலையிலேயே சேர்த்துப் போடுங்கள்.

ஒருவர்தான் வேலை செய்கிறார், நாட்கூலிதான், தற்காலிகம்தான் என்ற சாட்டுகள் சட்டத்தில் எடுபடாது. உங்கள் பகுதித் தொழில் காரியாலயத்தில் பதியுங்கள். ஆட்களின் அடையாள அட்டை விபரம், வேலைக்கு வந்த நாட்கள், கொடுத்த காசு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அந்தந்த மாதப் பணத்தை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் கட்டுங்கள். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5%இல் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50%க்கு வரும். 20% முழுவதையும் கட்டும் பொறுப்பு முதலாளியுடையது.

"அந்தக் காசை அரசாங்கம் கடனாக எடுக்கிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஈ.பி.எப். இழுபட்டது உண்மை. அந்தக் கவலையும் நியாயம். ஆனால் கணக்கே இல்லாதவனுக்கு அதைப் பற்றிக் கேட்கும் உரிமைகூட இல்லை.

நான் படிப்பிக்கும் வகுப்பறையின் சுவரைக் கட்டிய மேசன் காக்கா இன்றும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் பலரிடம் வேலை செய்தவர். ஒருவரும் கூலியை ஏமாற்றவில்லை. அன்றன்றைக்கே கொடுத்தார்கள். இப்போது முழங்கால் விட்டுவிட்டது. அவர் பெயரில் எங்கும் ஒரு சதம் இல்லை. அந்தச் சுவருக்குள் நின்று பேசிய எனக்குப் பென்சன் வரும்.

நேற்றிரவு அந்தப் பையன் கோல் எடுத்தான். ஆறு பேரில் ஐந்து பேரின் அடையாள அட்டைப் பிரதி கிடைத்துவிட்டதாம். ஆறாவது ஆள் 8% வெட்ட விருப்பமில்லை என்கிறாராம். "அவரையும் கூட்டிக்கொண்டு மேசன் காக்காவின் வீட்டுக்குப் போ. நானும் வாறேன்" என்றேன்.