கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளும் விசேட கல்வியும்

உடல், புலன் அல்லது அறிவு வளர்ச்சியில் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு இலங்கையில் மூன்று வகையான கல்வி ஏற்பாடுகள் உண்டு: தனியான விசேட பாடசாலை, பொதுப் பாடசாலையின் உள்ளே இயங்கும் விசேட கல்வி அலகு, ஏனைய பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் உட்படுத்தல் கல்வி. இவற்றில் எது நல்லது என்ற விவாதம் உலகெங்கும் நடந்திருக்கிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற கொழும்பின் தமிழ்ப் பகுதிகளில் அதனோடு பயிற்றுமொழியும் சேர்ந்துகொண்டது. எந்த வகுப்பு என்று கேட்கும் முன்னரே, தமிழில் படிப்பிக்க யார் இருக்கிறார்கள் என்று பெற்றோர் கேட்க வேண்டியிருந்தது.

தனிப் பாடசாலைகளின் காலம்

இத்துறையில் முதல் முயற்சி மிஷனரிகளுடையது. சேனானா மிஷன் எனப்பட்ட அங்கிலிக்கன் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் சுவெயின்சன் 1897இல் தமிழ்நாட்டின் பாளையங்கோட்டையில் செவிப்புலன் வலுவற்ற பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை நிறுவினார். அதே சங்கத்தின் மேரி சாப்மன் 1912இல் இலங்கையில் செவிப்புலன், விழிப்புலன் வலுவற்றோருக்கான பாடசாலையைத் தொடங்கினார். அது பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. சாப்மன் 1920இல் ரங்கூனிலும் இத்தகைய பாடசாலை ஒன்றை அமைத்தார். கத்தோலிக்கர் நடத்தும் இராகம புனித சூசையப்பர் செவிப்புலன் வலுவற்றோர் பாடசாலை 1930களில் உருவானது.

அக்காலத்தில் தனிப் பாடசாலைக்கு மாற்று பொதுப் பாடசாலை அல்ல, வீட்டு மூலைதான். இரத்மலானை விடுதிக்குப் போன பிள்ளை குடும்பத்தைப் பிரிந்தது உண்மை. ஆனால் எழுத்தையும் ஒரு கைத்தொழிலையும் தன்னைப் போன்ற நண்பர்களையும் அங்கேதான் முதன்முதலாகப் பெற்றது. பிரித்துவைத்தல் என்று இன்று கண்டிக்கப்படும் அந்த ஏற்பாட்டை மதிப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அதே காலத்தில் இழைக்கப்பட்ட ஒரு தீங்கையும் சொல்லியாக வேண்டும். 1880ஆம் ஆண்டு மிலான் மாநாடு, செவிப்புலன் வலுவற்ற பிள்ளைகளுக்குச் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் எனத் தீர்மானித்திருந்தது. அந்தச் சிந்தனையின் நிழல் உலகின் பெரும்பாலான செவிப்புலன் வலுவற்றோர் பாடசாலைகளில் பல பத்தாண்டுகள் நீடித்தது. பிள்ளைகள் தங்களுக்குள் இயல்பாக வளர்த்துக்கொண்ட மொழி, வகுப்புக்கு வெளியே ஒதுக்கப்பட்டது.

இரத்மலானையும் கைதடியும்

1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் நாட்டின் பாடசாலை முறைமைக்கு அடித்தளம் இட்டது. 1945இல் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா காலத்தில் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வியும் படிப்படியாக விரிந்தது. பொதுவான பிள்ளைகளுக்குப் பெரும் நன்மை செய்த இந்த மாற்றம், சிறுபான்மைக்குள் சிறுபான்மையான, குறைபாடுடைய தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிக்கலையும் கொண்டுவந்தது. ஒரே பாடசாலையில் சிங்களம், தமிழ் என இரண்டு மொழிகளிலும் சிறு சிறு வகுப்புகளை நடத்துவதற்கு ஆசிரியர் வளம் போதாது. 1956இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கைதடியில் செவிப்புலன், விழிப்புலன் வலுவற்றோருக்குத் தமிழ்வழியில் கற்பிக்கும் நவீல்ட் பாடசாலை அமைந்தது இப்பின்னணியிலேதான். வடக்கு, கிழக்கு, மலையகப் பிள்ளைகளுக்கு அது அரிய கொடை.

கொழும்புத் தமிழ்க் குடும்பத்துக்கோ அது வேறொரு கணக்கு. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் இரத்மலானை வந்துவிடும், ஆனால் அங்கே கற்பிப்பது சிங்களவழியில். கைதடி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவு. போரினால் 1990 ஜூனில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் செல்வது நின்றது. 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் ஓடியது. யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் கைதடியை உள்ளடக்கிய தென்மராட்சி போர்க்களமாகவே இருந்தது. பேச்சு வராத தன் ஏழு வயதுப் பிள்ளையை அந்தப் பாதையில் விடுதிக்கு அனுப்பத் துணியாத தாயை யாரும் குறைசொல்ல முடியாது. இரத்மலானையிலோ சைகையைப் பொதுவாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எழுதிப் படிக்கும் மொழியும் வீட்டில் அம்மம்மாவின் உதட்டில் பார்க்கும் மொழியும் வேறு வேறானால் பிள்ளை இரண்டுக்கும் நடுவே நின்றுவிடும்.

1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் விசேட பாடசாலைகள் திருச்சபைகள், தொண்டு அமைப்புகள் வசமே விடப்பட்டன. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, விடுதியை நன்கொடை தாங்குகிறது. இந்த அரைகுறைப் பொறுப்பு இன்றுவரை தொடர்கிறது.

பொதுப் பாடசாலைக்குள் ஒரு அறை

1960களின் இறுதியில் ஒருங்கிணைப்புத் திட்டம் வந்தது. விழிப்புலன் வலுவற்ற பிள்ளைகளே முதலில் பொதுப் பாடசாலைக்குள் வந்தார்கள். காரணம் எளிது: ஆசிரியர் பேசும் மொழி அவர்களுக்குக் கேட்கும், வேண்டியது பிரெயில் எழுத்தும் அதை அறிந்த ஒருவரின் துணையும்தான். 1970களுக்குப் பிறகு செவிப்புலன் வலுவற்றோருக்கும் அறிவு வளர்ச்சி தாமதமானோருக்கும் பொதுப் பாடசாலைகளிலேயே விசேட கல்வி அலகுகள் திறக்கப்பட்டன. மகரகமவில் அமைந்த தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் பயிற்சியில் முக்கிய பங்கு பெற்றது.

அலகு என்பது இடைநிலையாக எண்ணப்பட்டது. பிள்ளை அங்கே ஆயத்தமாகி, பின்னர் பொது வகுப்புக்குப் போக வேண்டும். நடைமுறையில் பல அலகுகள் முடிவிடமாகவே ஆகிவிட்டன. பல வயதினரும் பலவிதக் குறைபாடுடையோரும் ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் ஆண்டாண்டாக இருப்பார்கள். காலைக் கூட்டத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும்கூட அழைக்கப்படாத அலகு, பெயரளவில்தான் பொதுப் பாடசாலையின் பகுதி. அந்த அறையை உயிர்ப்போடு வைத்திருக்கும் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால், தமிழ்மொழிமூலம் பயின்ற இன்னொருவர் கிடைப்பது அரிது.

வடக்கில் வேறொரு வழியும் தோன்றியது. பார்வையற்ற ஆசிரியரான அன்னலட்சுமி சின்னத்தம்பி நிறுவிய சுன்னாகம் வாழ்வகத்தில் பிள்ளைகள் தங்குவார்கள், அருகிலுள்ள பொதுப் பாடசாலைகளில் படிப்பார்கள். தனித்த பராமரிப்பும் பொதுவான வகுப்பும் ஒன்றையொன்று விலக்கத் தேவையில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

உரிமை என்ற பேச்சு

1994 ஜூனில் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 நாடுகள் ஏற்ற பிரகடனம், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பாடசாலையே முதல் இடம் என்றது. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனைக் காரணமாகக் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாரபட்சம் காட்டுவதைத் தடுத்தது. 1998 முதல் 5 தொடக்கம் 14 வயதுவரை கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் அந்த வயதெல்லை 16 ஆனது. 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் சாய்தளம், கழிப்பறை வசதிகளைக் கட்டாயமாக்கின. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2009இல் உயர் நீதிமன்றம் அவற்றை வலியுறுத்தியது. ஒடுங்கிய ஒழுங்கைகளில் மாடிமேல் மாடியாக எழும்பிய கொழும்புப் பாடசாலைகளில் இவ்விதிகளின் கனம் புரியும். தரம் 6 வகுப்பு மூன்றாம் மாடியில் இருந்தால், அனுமதிக் கடிதம் கையில் இருந்தும் அந்தப் பிள்ளைக்கு வகுப்பு இல்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2007இல் ஒப்பமிட்டு 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 24ஆம் உறுப்புரை உட்படுத்தல் கல்வியைக் கோருகிறது. கூடவே செவிப்புலன் வலுவற்றோரின் சைகை மொழியையும் மொழி அடையாளத்தையும் வளர்க்கச் சொல்கிறது. இந்த இரண்டாம் பகுதியைப் பலர் வாசிப்பதில்லை. சைகை தெரியாத நாற்பது பேர் நடுவே தனியாக அமர்த்தப்பட்ட பிள்ளை உட்படுத்தப்பட்டதாகச் சொல்ல முடியாது.

இன்றைய நிலை

போர்க்காலத்தில் வடக்கிலிருந்து பெருந்தொகையானோர் வெள்ளவத்தையில் குடியேறினர். சர்வதேசப் பாடசாலைகளும் பெருகின. கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவாகும் இவை கல்வி அமைச்சின் நேரடிப் பாடசாலைகள் அல்ல. ஓட்டிசம் உள்ள பிள்ளையைச் சேர்க்க இணங்கும் இடங்களில், பக்கத்தில் இருந்து உதவும் ஆசிரியரின் சம்பளத்தைப் பெற்றோரே கொடுக்க நேர்கிறது. அந்த வசதியில்லாத கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கு அரச பாடசாலையும் பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் மருத்துவமனையின் சிகிச்சை நாளும்தான் கதி. பேச்சுச் சிகிச்சையிலும் மொழித் தடை நீங்கவில்லை. தமிழ் ஒலிகளைத் தமிழிலேயே பயிற்றத் தெரிந்தவர்கள் தேவைக்கு மிகக் குறைவு.

பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரமும் எழுதுநர் உதவியும் வழங்குகிறது. பல்கலைக்கழக அனுமதியிலும் அவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் சாதாரண தரப் பரீட்சைவரை ஒரு பிள்ளையைக் கொண்டுசெல்ல, தரம் 1 முதல் ஒவ்வோர் ஆண்டும் தமிழ்மொழிமூல விசேட கல்வி ஆசிரியர் ஒருவர் அதே பாடசாலையில் இருந்தாக வேண்டும்.