மொறோக்கோவும் புத்தளக் கரையும்

ஆபிரிக்காக் கண்டத்தின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ளது மொறோக்கோ நாடு. வடக்கே மத்தியதரைக் கடல், மேற்கே அத்திலாந்திக் சமுத்திரம், தெற்கே சகாராப் பாலைவனம். நாட்டை ஊடறுத்துச் செல்வது அத்திலசு மலைத்தொடர். அதன் உயர்ந்த சிகரமாகிய துப்கால் 4,167 மீற்றர் உயரமுடையது. ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்தால் ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தொலைவில் ஐரோப்பா. சூரியன் மறையும் திசையில் உள்ளமையால் அரபியர் இந்நாட்டை மக்ரிப் என வழங்கினர்.

இதன் தொல்குடிகள் பெர்பர் மக்கள். தம்மை அமாசிக் என்று கூறிக்கொள்வர். ஏழாம் நூற்றாண்டில் இசுலாமும் அரபு மொழியும் இங்கு வந்தன. பெஸ் நகரிற் புகழுடன் விளங்கும் கராவிய்யீன் கல்விநிலையம் 859ஆம் ஆண்டு பாத்திமா என்னும் பெண்மணியால் நிறுவப்பட்டதென்பது மரபு. அரபு மொழியோடு அமாசிக் மொழியும் அரச கருமமொழி என்பதை 2011ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டது. ரபாத் தலைநகர், கசபிளாங்கா வணிகத்திற் பெருநகர். உலகிலேயே மிகுதியான பொசுபேற்று இருப்பு இந்நாட்டு மண்ணில் உள்ளது.

இத்துணைத் தொலைவிலுள்ள நாட்டுக்கும் இலங்கையின் மேற்குக் கரைக்கும் உள்ள உறவு யாது? அவ்வுறவு ஒரு மனிதரால் உண்டாயிற்று. 1304ஆம் ஆண்டில் தஞ்சியர் நகரிற் பிறந்த இப்னு பதூதா, 21 வயதில் மக்கா யாத்திரைக்குப் புறப்பட்டவர், ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின்னரே தாயகம் மீண்டார். இடையில் தில்லியிலும் மாலைதீவிலும் காதியாகக் கடமையாற்றினார். 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து தமிழகத்தின் மாபார்க் கரைக்குச் செல்லுகையில், காற்று அவரது மரக்கலத்தை இலங்கைக்குத் தள்ளிற்று. அவர் இறங்கிய பத்தாலா என்னும் பட்டினம் புத்தளமே என்பர் வரலாற்றாசிரியர் பலர்.

அத்துறைக்குள் நுழையக் கப்பல் தலைவன் அஞ்சினான். அது ஆரியச் சக்கரவர்த்தியின் துறை. அம்மன்னன் கடற்கொள்ளையன் என்பது மாலுமிகளின் பேச்சு. ஆயினும் புயலின் கொடுமை அவர்களைக் கரைக்கே கொண்டுசென்றது. அங்கு நிகழ்ந்ததோ வேறு. பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளும் அம்மன்னன், யாத்திரிகரை எழுந்து வரவேற்று மூன்று நாள் உபசரித்தான். தன் கடலிற் குளித்த முத்துக்களைக் காட்டி மகிழ்ந்தான். விருந்தினர் வேண்டியது ஒன்றே: ஆதமின் பாதத் தடத்தைத் தரிசிக்கவேண்டும் என்பது. மன்னன் பல்லக்கும் ஏவலரும் அளித்தான். வழித்துணையாக நான்கு யோகிகளையும் மூன்று பிராமணரையும் அனுப்பினான். அவர் திரும்பும் வரை கப்பலில் வந்தோரையும் பேணினான்.

சைவ மன்னன் ஒருவன், இசுலாமிய யாத்திரிகர் ஒருவரை, பௌத்த மன்னர் நாட்டிலுள்ள மலைக்கு, இந்துத் துறவியர் துணையுடன் அனுப்பிவைத்தான். அன்று அது வியப்புக்குரியதாகத் தோன்றியதில்லைப் போலும். யாத்திரிகர் வழிப்பயணச் செய்தியாகவே அதனைக் கூறிச் செல்கிறார்.

புத்தளத்தைப் பற்றி அவர் தருவது சிறு சித்திரமே. அழகிய சிற்றூர், மரத்தாலான மதிலும் காவற் கோபுரங்களும் உடையது. ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையிற் குன்றாய்க் குவிந்து கிடந்தன. மாபார், மலையாள நாட்டு மக்கள் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, கைம்மாறாக மன்னனுக்குத் துணிவகைகளை அளித்தனர். தாயகம் மீண்டபின், மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி இப்னு பதூதா சொல்ல, இப்னு ஜுசை எழுத, 1355ஆம் ஆண்டில் அந்நூல் நிறைவெய்தியது. இவ்வாறு புத்தளத்தின் செய்தி பெஸ் நகரில் ஏட்டில் ஏறிற்று.

இரு நாடுகளையும் பின்னர் ஒரே கடலோடிகள் தாக்கினர். போர்த்துக்கேயர் கடல்கடந்து முதலிற் கைப்பற்றியது மொறோக்கோக் கரையின் செயுத்தா, ஆண்டு 1415. அவர்கள் 1505இல் இலங்கைக்கு வந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. மொறோக்கோவோ 1578இல் அல்காசர் கிபீர்ப் போரிற் போர்த்துக்கேய மன்னன் செபஸ்தியானின் படையை முறியடித்தது. அம்மன்னனும் களத்திற் பட்டான். எனினும் 1912இல் பிரான்சினதும் ஸ்பானியாவினதும் காப்பாட்சிக்குள் அகப்பட்டு, 1956இலேயே சுதந்திரம் பெற்றது.

கொள்ளையன் என்று மாலுமிகள் கூறிய மன்னனை, விருந்தோம்புவோன் என்று விருந்தினர் எழுதினார். இரண்டும் ஒருங்கே உண்மையாயிருத்தல் கூடும். ஒருவர் வாய்ச்சொல்லைக் கொண்டு ஓர் அரசையோ இனத்தையோ அளந்துவிடலாகாது என்பதற்கு இது சான்று.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் இக்கரைக்கே வந்தனர். நிலமும் நீரும் பள்ளிக்கூடமும் பங்கிடவேண்டியதாயிற்று; பிணக்குகளும் எழாமலில்லை. மூன்று நாள் விருந்தோம்பல் மன்னர்க்கு எளிது. பல்லாண்டு அடைக்கலம் கொடுத்தல் குடிகளுக்கு அரிது. இக்கரையின் வரலாற்றில் முன்னதைப் பதிவுசெய்தவர் மொறோக்கோ நாட்டார். பின்னதைப் பதிவுசெய்யும் கடமை இந்நாட்டாருடையது.