செஞ்சியின் பெயர் பூண்ட பறவைகள்

சென்ற வாரம் வரை செஞ்சிக் கோட்டையின் பீரங்கி, முற்றுகை, வெடிமருந்து. இந்த வாரம் ஒரு கழுகும் ஒரு மைனாவும்.

1750இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த செஞ்சிக் கோட்டை 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்குப் பின் சோழமண்டலக் கரைக்கு வந்த பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரருக்குக் கோட்டை வேண்டியிருக்கவில்லை. பறவைகளைச் சேகரித்தார், வரைந்தார். 1782இல் பாரிசில் வெளிவந்த அவரது பயண நூலில் இரண்டு பறவைகளுக்குச் செஞ்சியின் பெயர்: செஞ்சிக் கழுகு, செஞ்சியின் சிறு மைனா. 1790இல், இந்தியாவுக்கே வராத பறவையியலாளர் ஜான் லேத்தம் இங்கிலாந்திலிருந்தபடி இரண்டுக்கும் லத்தீன் பெயரிட்டார். 'ஜிஞ்ஜினியானஸ்' என்று நம்மூர்ப் பெயர் அறிவியலில் ஏறியது இப்படித்தான்.

அந்தக் கழுகு நமக்குப் புதிதல்ல. மஞ்சள்முகப் பாறு, திருக்கழுக்குன்றத்தில் நண்பகல் பிரசாதத்துக்கு இரண்டிரண்டாய் வந்துபோனதே, அதே இனம்தான்.

இதில் ஓவியத்துக்கு என்ன வேலை? பறவையைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்துக் கப்பலேற்றினால் இறகின் நிறம் ஓரளவு தங்கும். முகத்தோல், அலகு, கால், கண் இவற்றின் நிறமோ சீக்கிரமே மங்கிப்போகும். நம் பாறுக்கு அடையாளமே அங்கேதான் இருக்கிறது. ஆப்பிரிக்க, ஐரோப்பிய உறவினத்துக்கு அலகு நுனி கருத்திருக்கும். நம்முடையதற்கு முழு அலகும் மஞ்சள். அந்த மைனாவுக்கும் அப்படியே: வழக்கமான மைனாவின் கண்ணைச் சுற்றி மஞ்சள், இதற்குச் செங்கல் சிவப்பு. செப்புத்தகட்டில் செதுக்கிக் கறுப்பு மையில் அச்சிட்டால் இதெல்லாம் போச்சு. பறவையின் உடம்புச் சூடு ஆறுமுன் நீர்வண்ணம் குழைத்தவர்தான் சாட்சி.

அப்படிப்பட்ட சாட்சி நமக்கு உண்டு, சென்னையில். நீதிபதி ஹென்றி குவில்லிமின் மனைவி எலிசபெத், 1801இல் வந்திறங்கி 1807இல் இங்கேயே இறந்தவர். அவரது பறவை நீர்வண்ணப் படங்கள் நூற்றுக்கும் மேல். பலவும் பறவையின் நிஜ அளவிலேயே தீட்டப்பட்டவை. அமெரிக்கப் பறவை ஓவியர் ஆடுபான் புகழ்பெறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய வேலை! 1924இல் லண்டனில் பறவை நூல் சேகரிப்பாளர் கேசி வுட் கண்ணில் படும்வரை அவற்றைக் கேட்பாரில்லை. இப்போது மாண்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

சொன்னெராவிடம் ஒரு வழக்கு பாக்கி. 'செஞ்சி மைனா' வாழ்வது வட இந்திய ஆற்றங்கரைகளில். மண்ணில் வளை தோண்டிக் கூடு கட்டும். செஞ்சிக்கு அது எப்படி வந்தது? யாராவது கூண்டில் கொண்டுவந்திருக்கலாம். அல்லது ஊர்ப்பெயரே தவறியிருக்கலாம். மனிதர் அதற்கும் துணிந்தவர்தான்: ஆஸ்திரேலியாவின் குக்கபராவை நியூகினிப் பறவை என்று 1776இல் எழுதியவர், போதாதென்று பெங்குவின்களையும் அங்கே குடியேற்றினார்.

கழுகு விஷயத்தில் அவரைச் சந்தேகிக்க எனக்கு மனமில்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றில் பாறை விளிம்புகளைப் பார்த்தவர்களுக்கு அது அங்கே அமர்ந்திருப்பதை நினைத்துப்பார்க்கச் சிரமமிராது. இப்போது போய் அண்ணாந்தால் கருடன்தான் வட்டமிடுகிறது.