புல்மோட்டை மணலும் பொறியியல் மாணவியரும்

நாம் உயர்தரம் படித்த தொண்ணூறுகளில் கணினியைப் படத்தில்தான் கண்டோம். கணக்கில் கெட்டிக்காரியானாலும் "டொக்டருக்குப் படி பிள்ளை" என்பதே வீட்டுப் புத்திமதி. அப்படி மருத்துவரான நாம், பிள்ளைகள் பொறியியலுக்குப் போவது கண்டு மகிழ்கிறோம். ஆனால் பீடத்தின் தொடக்கத்திலேயே செய்நிரல் எழுதச் சொல்லும்போது பலர் மிரண்டுபோகிறார்கள்.

1957இல் ஐபிஎம் நிறுவனம் போட்ரான் மொழியை வெளியிட்டது. பொறியியலாளர் தம் சூத்திரங்களை ஏறக்குறைய எழுதும் விதத்திலேயே கணினிக்குக் கொடுக்க அது வழிசெய்தது. அந்நாளில் ஒரு வரிக்கு ஓர் அட்டை. துளையிட்ட அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும். அதே 1957இல்தான் கனிய மணல் கூட்டுத்தாபனமும் உருவாகி, புல்மோட்டைக் கரையின் கரிய மணல் பெருந்தொழிலாயிற்று.

இலங்கையில் 1950இல் கொழும்பில் தொடங்கிய பொறியியல் பீடம் 1964இல் பேராதனைக்குச் சென்றது. 1985இல் மொறட்டுவையில் கணினி விஞ்ஞானத்துக்கும் பொறியியலுக்குமான துறை பிறந்தது. 2014இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஆரம்பமானது. பீடம் நம்மை நோக்கி வந்துவிட்டது. ஆயத்தம் மட்டுமே பிந்தி நிற்கிறது.

செய்நிரலின் அடிப்படை, கேள்விகளை ஒழுங்காக அடுக்குவது. அதை நம் மணலே கற்றுத்தரும். காந்தம் ஈர்க்கிறதா? ஆம் எனில் இல்மனைட். இல்லையெனில் அடுத்த கேள்வி: மின்னைக் கடத்துமா? கடத்தினால் ரூட்டைல், கடத்தாவிட்டால் சிர்கோன். மணலைப் பிரிக்கும் முறையின் சாரம் இதுவே. ஆரம்பச் செய்நிரலின் "ஆயின், இன்றேல்" என்பதும் இதுவே. நோயாளியின் முன் நாம் கேள்விகளை அடுக்குவதும் இவ்வாறுதான். இதைத் தாளில் பாய்ச்சற் கோட்டுப்படமாக வரையத் தெரிந்த பிள்ளைக்கு, கணினி மொழி வெறும் எழுத்துப்பழக்கம்.

இது ஆண்களின் துறை என்று அஞ்சவும் வேண்டாம். 1946இல் உலகறிந்த எனியாக் கணினிக்கு முதன்முதலில் செய்நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்.

ஆகவே பழைய மாணவியரிடம் நாம் வேண்டுவது ஒன்று. விடுமுறைக்கு ஊர் வரும் பொறியியலாளர்கள், உயர்தரக் கணிதப் பிரிவுத் தங்கைகளோடு நான்கு பிற்பகல்கள் அமருங்கள். கணினி கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டால் தாளும் பென்சிலும் ஒரு பிடி மணலும் போதும். நாம் படத்தில் கண்டதை அவர்கள் பயமின்றித் தொடட்டும்.